பயானைக் குறை சொன்னால் புறம் பேசியதாகுமா?

கேள்வி (வாசகர் ஒருவர், 10.01.2025, வெள்ளி)

யூடியூபில் லட்சக்கணக்கான பேர் பார்க்கும் ஒரு பயான் (மார்க்கச் சொற்பொழிவு) பேச்சாளர். ஜுமுஆ முடிந்து செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது, "அவர் சொல்கிற ஹதீஸ்களில் (நபிமொழிகளில்) பாதி எந்தக் கிதாபிலும் (நூலிலும்) இல்லை" என்று நண்பரிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) இறைச்சி விஷம்னு ஹதீஸே இருக்கு, புறம் பேசாதே" என்கிறார். நான் செய்தது பாவமா?

10.01.2025, இரவு 9.50

முதலில் ஒன்று. "ஆலிம்களின் இறைச்சி விஷம்" என்பது ஹதீஸ் இல்லை. திமிஷ்கின் (டமாஸ்கஸ்) அறிஞர் இப்னு அஸாகிர் எழுதியது. ஹிஜ்ரி 571இல் (1176) இறந்தவர். ஆதாரமில்லாத ஹதீஸைப் பற்றிப் பேசிய உங்கள் வாயை, இன்னொரு ஆதாரமில்லாத ஹதீஸைக் கொண்டே அடைத்திருக்கிறார் நண்பர். அவர் மேல் தப்பில்லை, அவரும் ஏதோ ஒரு பயானில் கேட்டதுதான்.

அப்புறம், இந்தச் சண்டை நேற்று தொடங்கியதல்ல. அந்தக் காலத்தில் 'குஸ்ஸாஸ்' என்று ஒரு கூட்டம் இருந்தது. கதைசொல்லிகள். பள்ளிவாசலிலும் தெருமுனையிலும் உட்கார்ந்து சொர்க்கம், நரகம், நபிமார் வரலாறு என்று சொல்லி ஜனங்களை அழவைப்பார்கள். கலீஃபா உமர் (ரலி) காலத்தில் நபித்தோழர் தமீமுத் தாரீ (ரலி) அனுமதி கேட்டு வாங்கிச் சொன்னதாக வருகிறது. அப்படி அடக்கமாகத் தொடங்கியது, ஹிஜ்ரி 279இல் (892) பக்தாதில் கதைசொல்லிகளும் ஜோதிடர்களும் வீதியிலோ பள்ளிவாசலிலோ உட்காரக் கூடாது என்று அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு முற்றிவிட்டது. வரலாற்றாசிரியர் தபரீ தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஜோதிடரோடு ஒரே வரியில்!

எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் ஒன்று. பக்தாதின் ருஸாஃபா பள்ளிவாசலில் ஹதீஸ் கலையின் பெரும் அறிஞர்களான இமாம் அஹ்மத் பின் ஹம்பலும் யஹ்யா பின் மயீனும் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கதைசொல்லி எழுந்து, "அஹ்மத் பின் ஹம்பலும் யஹ்யா பின் மயீனும் எங்களுக்கு அறிவித்தார்கள்" என்று ஆரம்பிக்கிறார். லாஇலாஹ இல்லல்லாஹ் சொன்னால் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் ஒரு பறவை உண்டாகும், அலகு தங்கம், இறகு பவளம் என்று இருபது பக்கத்துக்கு நீட்டுகிறார். இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "நீரா சொன்னீர்?" "அல்லாஹ் மீது ஆணையாக, இப்போதுதான் கேட்கிறேன்." வசூல் முடிந்ததும் யஹ்யா கையசைத்துக் கூப்பிட, காசு தரப்போகிறார் என்று நினைத்து ஓடி வருகிறார் அவர்.

"உமக்கு இதை யார் சொன்னது?"

"அஹ்மத் பின் ஹம்பலும் யஹ்யா பின் மயீனும்."

"நான்தான் யஹ்யா. இவர்தான் அஹ்மத்."

அவர் அசரவில்லை. "யஹ்யா பின் மயீன் ஒரு முட்டாள் என்று கேள்விப்பட்டுக்கொண்டே இருந்தேன், இப்போதுதான் உறுதியாயிற்று. உலகத்தில் உங்கள் இருவரைத் தவிர வேறு அஹ்மதும் யஹ்யாவும் இல்லையா? நான் பதினேழு அஹ்மத் பின் ஹம்பலிடம் எழுதியிருக்கிறேன்" என்றாராம். இமாம் அஹ்மத் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, "விடுங்கள், போகட்டும்" என்றார்.

இதை விடவா ஆதாரம் வேண்டும்?

11.01.2025, காலை 6.15

சுபுஹு தொழுதுவிட்டு எழுதுகிறேன். நேற்றுக் கதை சொல்லும் ஆசையில் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

புறம் பேசுவது ஹராம், சந்தேகமே இல்லை. ஆனால் இமாம் நவவீ 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் ஆறு இடங்களில் அது கூடும் என்று பிரித்துக் காட்டுகிறார். அதில் ஒன்று, ஜனங்களை எச்சரிப்பது. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் குறையைச் சொல்வது கூடும், தேவை வந்தால் கடமை என்றே எழுதியிருக்கிறார். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) இரண்டு பேர் தன்னைப் பெண் கேட்டிருப்பதாக வந்து சொன்னபோது நபி (ஸல்) என்ன சொன்னார்கள்? முஆவியா ஏழை, அவரிடம் சொத்து இல்லை. அபூஜஹ்ம் தோளிலிருந்து கம்பைக் கீழே வைக்காதவர். பேர் சொல்லி, குறை சொல்லி. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கே அப்படி என்றால் ஊர் மொத்தத்தின் மார்க்கத்துக்கு?

ஹதீஸ் அறிஞர் அலீ பின் மதீனீயிடம், ஹதீஸ் அறிவிப்பவரான அவருடைய வாப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். "வேறு யாரிடமாவது கேளுங்கள்" என்றார். விடவில்லை. தலையைக் குனிந்து யோசித்துவிட்டு, "இது மார்க்க விஷயம். என் தந்தை பலவீனமானவர்" என்றார். நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? நான் சொல்லமாட்டேன். என் வாப்பா சொன்ன பாதி விஷயத்தை இன்னும் சரிபார்க்கவே இல்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வவுச்சர் இல்லாமல் ஐம்பது ரூபாய் டீச் செலவைக் கூட ஏற்றமாட்டேன். முதலாளி நல்லவர், தஹஜ்ஜுத் தொழுகிறவர் என்பதற்காக வவுச்சர் கேட்காமல் விட்டால் என்னைத் தணிக்கையில் கிழித்துவிடுவார்கள். ஹதீஸுக்கு ஸனது (யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசை) என்பது அதுதான். "ஸனது மார்க்கத்தின் ஒரு பகுதி, அது இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள்" என்று அப்துல்லாஹ் பின் முபாரக் சொன்னது சும்மா இல்லை.

11.01.2025, இரவு 11.30

"ஆனால் அவர் ரொம்ப நல்ல மனுஷர், எத்தனை பேர் அவர் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டிருக்கிறார்கள் தெரியுமா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

தெரியும். என் ஒன்றுவிட்ட காக்காவே விட்டார். ஹதீஸ் விமர்சகர் யஹ்யா பின் ஸயீத் அல்கத்தான் சொன்னதைப் படியுங்கள்: நல்லவர்கள் ஹதீஸில் பொய் சொல்கிற அளவுக்கு வேறு எதிலும் சொல்லக் கண்டதில்லை. இமாம் முஸ்லிம் தன் ஸஹீஹின் முன்னுரையில் இதைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே விளக்கமும் தருகிறார். பொய் அவர்கள் நாவில் ஓடிவிடும், வேண்டுமென்று சொல்வதில்லை.

14.01.2025

எனக்குச் செருப்படி.

ருஸாஃபா பள்ளிவாசல் கதையை இங்கே போட்டேன் அல்லவா? மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "கதை நல்லாருக்கு. ஸனது பார்த்தீரா?" என்றார். பார்க்கவில்லை. இப்னுல் ஜவ்ஸீ நூலில் இருக்கிறது, சுயூத்தி நூலில் இருக்கிறது, போதாதா என்றேன். "தஹபீயைப் பாரும்" என்று வைத்துவிட்டார்.

பார்த்தேன். அதை அறிவிக்கும் பக்ரீ என்பவரை யாரென்றே தெரியவில்லை, இவரே இட்டுக்கட்டிய கதையாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன் என்கிறார், அறிவிப்பாளர்களை எடைபோட்டு எழுதிய தஹபீ. அதாவது, இட்டுக்கட்டுகிறவர்களைக் கிண்டல் செய்ய யாரோ இட்டுக்கட்டிய கதை. அதை நான் வவுச்சர், தணிக்கை என்று வியாக்கியானம் வேறு செய்து, "இதை விடவா ஆதாரம்" என்று முடித்திருக்கிறேன்.

அழித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், மேலே அப்படியே கிடக்கட்டும். ஏன் சரிபார்க்கவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கதை அவ்வளவு நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். பயான் பேசுகிறவருக்கும் அதே காரணம்தானே இருக்கும்?

14.01.2025, சற்று நேரம் கழித்து

ஒருவர் கேட்கிறார்: அப்படியானால் கதைசொல்லிகள் பற்றிய எல்லாமே கட்டுக்கதையா? இல்லை. 279இன் தடை வரலாறு. எகிப்து அறிஞர் சுயூத்திக்கு ஒரு விவகாரம் உண்டு, அவரே தனக்கு நடந்ததாக எழுதியது. கெய்ரோவில் ஒரு கதைசொல்லி ஏதோ சொல்ல, அதற்கு அடிப்படை இல்லை என்று இவர் ஃபத்வா கொடுத்தார். அந்த ஆளுக்குக் கோபம் தலைக்கேறி, ஜனங்களைத் தூண்டிவிட, சுயூத்தியைக் கல்லால் அடிப்போம் என்கிற வரை போனது. அந்தச் சூட்டில்தான் கதைசொல்லிகளின் பொய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஹிஜ்ரி 911இல் (1505) இறந்தவர். அவர் காலத்தில் யூடியூப் இல்லை, ஆனால் ரசிகர் படை இருந்திருக்கிறது.

அந்த நூலிலேயே தபரீயின் கதையும் வரும். குர்ஆனின் 17:79 வசனத்துக்கு ஒரு கதைசொல்லி சொன்ன விளக்கத்தை மறுத்ததற்கு, பக்தாத் ஜனங்கள் அவர் வீட்டில் எறிந்த கற்கள் குவிந்து வாசலே அடைபட்டதாம். (ஸனது பார்க்கவில்லை. இனிமேல் இப்படி அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன்.)

17.01.2025, வெள்ளி

கல் என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது.

பதினெட்டு வருடம் முன்பு இருக்கும். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு மாநாடு. பெரிய பேச்சாளர், பேர் வேண்டாம். இரவு பத்தரைக்கு மேடையேறினார். பிலால் (ரலி) அவர்களுக்கு 'ஷீன்' எழுத்து உச்சரிக்க வராது, அதனால் பாங்கு சொல்ல வேறு ஆளை வைத்தார்கள், அன்று சூரியனே உதிக்கவில்லை என்று சொன்னார். குரலை இறக்கி, ஏற்றி, நடுவில் ஐந்து விநாடி மௌனம் விட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினார். எனக்கும் தொண்டை அடைத்தது. அடைத்துக்கொண்டே இருக்கும்போது, இதற்கு அடிப்படை இல்லை என்று படித்ததும் ஞாபகம் வந்தது.

கேள்வி இருந்தால் சீட்டு அனுப்பலாம் என்றார்கள். டெல்லி அப்பளம் வாங்கிய பொட்டலத் தாளைக் கிழித்து, "பிலால் (ரலி) சம்பவம் எந்தக் கிதாபில் உள்ளது?" என்று எழுதி அனுப்பினேன். எண்ணெய்க் கறையோடு. அது கை மாறி மாறி மேடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். சிரித்தார். "ஒரு தம்பி கேட்கிறார், எந்தக் கிதாபாம். தம்பி, இது இதயத்தில் இருக்கிற கிதாப். அப்பளத் தாளில் இருக்காது" என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. தக்பீர் வேறு. தேம்பிய பெரியவரும் சிரித்தார்.

நான் எழுந்து போயிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். சீட்டில் பேர் எழுதாமல் விட்டதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன் என்பதுதான் உண்மை.

18.01.2025

மேலே எழுதியதைக் காலையில் படித்தால் நான்தான் கதாநாயகன் மாதிரி இருக்கிறது. எதிர்க்கணக்கும் எழுதிவிடுகிறேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் ஊர் ஹஸ்ரத் ஒரு பயானில், மூஸா (அலை) குளிக்கும்போது அவர்களுடைய துணியைத் தூக்கிக்கொண்டு ஒரு கல் ஓடியது என்று சொன்னார். எனக்கு இருபத்துநாலு வயது, இரண்டு மொழிபெயர்ப்பு நூல் படித்திருந்தேன். இஷா முடிந்ததும் நேராகப் போய், "ஹஸ்ரத், இந்த மாதிரிக் கட்டுக்கதையெல்லாம் மிம்பரில் சொல்லலாமா?" என்று கேட்டேன். நாலு பேர் நின்றார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குக் கூட்டிப்போய், அலமாரியிலிருந்து ஆதாரமான ஹதீஸ் தொகுப்பான புகாரியை எடுத்து, பக்கம் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார். கல் ஓடிக்கொண்டிருந்தது. மூஸா (அலை) பின்னாலேயே "கல்லே, என் துணி!" என்று துரத்திக்கொண்டிருந்தார்கள்.

"டீ குடிக்கிறியா?" என்றார் ஹஸ்ரத். அவ்வளவுதான். அந்த நாலு பேருக்கு இன்று வரை நான் எதுவும் சொல்லவில்லை.

அதனால்தான் "எனக்குக் கட்டுக்கதை மாதிரி தெரிகிறது" என்பதை வைத்து யாரையும் மடக்கக் கூடாது. வித்தியாசமாக இருப்பதெல்லாம் பொய் இல்லை, உருக்கமாக இருப்பதெல்லாம் உண்மையும் இல்லை.

19.01.2025

லேசாக ஒன்று. யூசுஃப் (அலை) அவர்களைத் தின்ற ஓநாயின் பேர் இன்னது என்று ஒரு கதைசொல்லி சொன்னாராம். "ஓநாய் யூசுஃபைத் தின்னவே இல்லையே?" என்றதற்கு, "சரி, அப்படியானால் யூசுஃபைத் தின்னாத ஓநாயின் பேர் அது" என்றாராம். (ஸனது பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை.)

22.01.2025

ஜாகிர் நாயக்கைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை, பயமா என்று கேட்டிருக்கிறார்கள்.

பயமில்லை. ஒரு காலத்தில் நான் அவர் ரசிகன். விசிடி காலம். மும்பையில் மருத்துவம் படித்தவர், மதரஸாவில் ஓதி வந்தவர் அல்ல. தென்னாப்பிரிக்காவின் அஹ்மத் தீதாத் பாணி. தீதாத் அறைகலன் கடையில் விற்பனை ஆளாக இருந்தபோது கிடைத்த 'இழ்ஹாருல் ஹக்' என்ற பழைய புத்தகத்திலிருந்து தன் வாழ்க்கையையே தொடங்கியவர். ஜாகிர் நாயக்கிடம் எங்களைக் கட்டிப்போட்டது எண்கள். அத்தியாயம் இத்தனை, வசனம் இத்தனை, தொகுதி இத்தனை என்று மூச்சுவிடாமல் சொல்வார். நான் ஒரு டைரியில் குறித்துவைத்துச் சரிபார்த்திருக்கிறேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. எனக்குப் புரிய நாளாயிற்று: எண் சரி என்பது வவுச்சர் எண் சரி என்பது மாதிரி. தொகையும் காரணமும் சரியா என்பது வேறு சோதனை. அந்தச் சோதனையை நான் செய்யவே இல்லை, எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தேவ்பந்த் மதரஸா வட்டாரத்து ஆலிம்கள் அவரை முதலிலிருந்தே விமர்சித்தார்கள். 2007இல் மும்பை மேடையில் கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைன் (ரலி) கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்த யஸீதின் பேருக்குப் பின்னால், மரியாதைக்குரியவர்களுக்குச் சொல்லும் 'ரலியல்லாஹு அன்ஹு' சொன்னபோது ஷியாக்களும் சுன்னிகளும் சேர்ந்தே கொதித்தார்கள்.

ஆனால் எனக்கு விட்டுப்போனது 2019 ஆகஸ்டில். மலேசியாவில் குடியேறியிருந்த அவர் அங்கே கோத்தா பாருவில் பேசும்போது, இந்தியாவில் முஸ்லிம்களுக்கு இருப்பதைவிட நூறு மடங்கு உரிமை மலேசிய இந்துக்களுக்கு இருக்கிறது என்று ஆரம்பித்து, அவர்கள் மலேசியப் பிரதமரை விட்டு இந்தியப் பிரதமரை ஆதரிக்கிறார்கள் என்றார். தன்னை நாட்டைவிட்டுப் போகச் சொல்கிறவர்களுக்குப் பதிலாக, சீனர்களைப் 'பழைய விருந்தாளிகள்' என்றார், அவர்கள் முதலில் போகட்டும் என்றார். போலீஸ் மணிக்கணக்கில் விசாரித்தது, மலேசியா முழுக்கப் பொதுமேடையில் பேசத் தடை வந்தது, பிறகு மன்னிப்புக் கேட்டார்.

மலேசிய இந்துக்கள் என்றால் பெரும்பாலும் யார்? தமிழர்கள். என் மச்சான் பினாங்கில் நாசி கண்டார் கடையில் இருக்கிறார். அவர்களுக்குத் தேங்காய் போடுகிறவர் முனியாண்டி கோயில் கமிட்டியில் இருக்கும் ஒரு பெரியவர். வந்தால் கால் மணி நேரம் கதை பேசாமல் போகமாட்டார். அந்த வாரம் மூட்டையை இறக்கிவிட்டு பில்லை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். ஒரு வார்த்தை இல்லை. "சண்டை போட்டிருந்தாக்கூட பரவாயில்லை" என்றார் மச்சான். அடுத்த மாதம் பேச ஆரம்பித்துவிட்டார், அது வேறு. ஹதீஸ் தப்பாகச் சொல்வதை விட இது பெரிய தப்பு என்று நினைக்கிறேன். இதற்கு எந்த ஸனதும் தேவையில்லை, மனுஷன் முகத்தைப் பார்த்தாலே போதும்.

23.01.2025

நேற்றைய குறிப்புக்கு இரண்டு விதத் திட்டு வந்திருக்கிறது. ஒரு தரப்பு "தாவாவுக்கு (மார்க்க அழைப்புப் பணிக்கு) எதிரி" என்கிறது, இன்னொரு தரப்பு "இப்போதுதான் தெரிந்ததா" என்கிறது. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆமாம், இப்போதுதான்.

26.01.2025

விமர்சனம் எங்கே போய் நிற்கும் என்பதையும் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்கக் கணக்கு.

பாகிஸ்தானின் ஜுனைத் ஜம்ஷேத். 'தில் தில் பாகிஸ்தான்' பாடிய பாப் பாடகர், எண்பதுகளில் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான். பிறகு பாட்டை விட்டார், தாடி வைத்தார், தப்லீக் ஜமாஅத்தில் சேர்ந்து பயான் பேசினார். முறையாக ஓதியவர் அல்ல. 2014இல் ஒரு பயானில் நபியின் மனைவி ஆயிஷா (ரலி) பற்றி ஒரு சம்பவத்தைச் சொல்லி, பெண்களின் சுபாவமே அப்படித்தான், நபியின் தோழமையும் அதை மாற்றவில்லை என்கிற மாதிரி, கேட்பவர்கள் சிரிக்கும்படி பேசினார். மோசமான பேச்சு. ஓர் ஆணாக எனக்கே கூசியது.

விமர்சித்தார்கள். சரி. தெய்வ நிந்தனை வழக்குப் போட்டார்கள். பாகிஸ்தானில் அந்தச் சட்டப் பிரிவுக்குத் தண்டனை மரணம். அவர் அழாத குறையாக வீடியோவில் மன்னிப்புக் கேட்டார், அறியாமையால் சொன்னேன் என்றார். அவரை இந்தப் பக்கம் அழைத்து வந்த மவ்லானா தாரிக் ஜமீலே, அவர் ஆலிம் அல்ல, சொன்னது தவறு என்று விலகி நின்றார். ஆள் லண்டன் போய்விட்டார். திரும்பி வந்த பிறகு 2016 மார்ச்சில் இஸ்லாமாபாத் விமான நிலையத்தில் சிலர் அவரை அடித்தார்கள். அந்த டிசம்பர் 7ஆம் தேதி சித்ராலிலிருந்து வந்த விமானம் விழுந்து இறந்தார். அடித்த வீடியோவைப் பகிர்ந்தவர்களே அன்று கண்ணீர் இமோஜியும் பகிர்ந்தார்கள்.

இதை நான் அடிக்கடி நினைப்பேன். ஓதாத ஒருவரை, பாட்டுப் பாடியவர் திருந்தி வந்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக மேடையில் ஏற்றியது யார்? கேட்ட நாம். ஏற்றிவிட்டுக் கீழிருந்து கல்லும் எறிந்தோம். தப்பு என்று சொல்லி, ஏன் தப்பு என்று காட்டி, மன்னிப்பை வாங்கிக்கொண்டு விட்டிருக்க வேண்டும்.

அந்தத் தாரிக் ஜமீலும் 2020 ஏப்ரலில், பிரதமர் இம்ரான் கான் இருந்த ஒரு நேரலையில் துஆ செய்யும்போது ஊடகங்கள் பொய் பேசுகின்றன என்றும் கொரோனாவைப் பெண்களின் வெட்கமின்மையோடு முடிச்சுப் போட்டும் பேசி மாட்டினார். ஊடகத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். பெண்களிடமும் மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பெண்கள் அமைப்புகள் வலியுறுத்திக்கொண்டுதான் இருந்தன.

28.01.2025

மிஃராஜ் இரவு பயான் கேட்டுவிட்டு வந்தேன். ஆதாரமில்லாதவை எத்தனை என்று எண்ணிக்கை சொல்லமாட்டேன். ஓநாய்க்குப் பேர் வைக்கவில்லை, அதுவரை நிம்மதி.

மிஃராஜ் வரும் ரஜப் மாதம் என்றதும் காயல்பட்டினம் ஞாபகம் வருகிறது. அங்கே இந்த மாதம் முழுக்க புகாரி ஷரீஃப் ஓதும் மஜ்லிஸ் நடக்கும். ஒருமுறை உம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். 'ஹத்தஸனா, ஹத்தஸனா' (எங்களுக்கு அறிவித்தார்) என்று அறிவிப்பாளர்கள் பேர் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும், அப்புறம்தான் விஷயம் வரும். ஒன்றும் புரியாது, ஆனால் கேட்க ஒரு மாதிரி இருக்கும். "இத்தனை பேர் பேரைச் சொல்லித்தான் ஒரு வார்த்தை சொல்லணுமா?" என்று உம்மா கேட்டார்கள். ஆமாம் உம்மா என்றேன். "அப்ப நம்ம ஊரு ஆளு ஏன் நேரா ஆரம்பிச்சிடறாரு?"

02.02.2025

இப்னுல் ஜவ்ஸீயைப் பற்றிச் சொல்லாமல் இதை மூட முடியாது. ஹிஜ்ரி 597இல் (1201) இறந்தவர். கதைசொல்லிகளைக் கிழித்து நூல் எழுதினார். முகம் வெளிறித் தெரியப் பூச்சுப் பூசுகிறவர்கள், கண்ணீர் வரவழைக்க எதையாவது முகர்கிறவர்கள் என்று ஒவ்வொரு தந்திரமாகப் பிட்டுவைத்தார். இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்துத் தனி நூலும் போட்டார். "சீனா சென்றேனும் கல்வியைத் தேடு" அதில்தான் இருக்கிறது. நம்மூரில் நோன்புக் கஞ்சி குடிக்க வரும் எந்தக் கட்சித் தலைவரும் அதைச் சொல்லாமல் போவதில்லை.

சரி, இவர் யார்? பக்தாதின் உச்ச நட்சத்திரப் பேச்சாளர்! அந்தலுஸிலிருந்து (ஸ்பெயின்) வந்த பயணி இப்னு ஜுபைர் 1184இல் அவர் சபையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஜனங்கள் கதறுகிறார்கள், மயங்கி விழுகிறார்கள், விளக்கில் விட்டில் விழுவது போல அவர் மேல் விழுந்து, தௌபா (பாவமீட்சி) செய்து முன்நெற்றி முடியை வெட்டச் சொல்லி நீட்டுகிறார்கள். அப்படிப்பட்டவர் தன் தொழிலையே திட்டி எழுதுகிறார். வெளியிலிருந்து கல்லெறிந்தவர் அல்ல.

அவரும் தப்பவில்லை. தன் உபதேச நூல்களில் அவரே ஆதாரமில்லாததைச் சேர்த்திருக்கிறார் என்று பின்னால் வந்தவர்கள் குறைபட்டார்கள். இட்டுக்கட்டப்பட்டவை என்று அவர் தள்ளியவற்றில் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கும் ஹதீஸே ஒன்று சிக்கிக்கொண்டதை ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் காட்டினார். என் ஓடும் கல் மாதிரிதான். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சமல்ல.

08.02.2025

ஒரு பாவமன்னிப்பு பாக்கியிருக்கிறது.

பதினாலு வயதில் மீலாது பேச்சுப் போட்டியில் நான் பேசியது குப்பை கொட்டிய கிழவி கதை. எல்லோருக்கும் தெரியும். தினமும் நபி (ஸல்) மேல் குப்பை கொட்டுவாள், ஒருநாள் காணவில்லை, நோயில் படுத்திருந்தாள், நபி போய் விசாரித்தார்கள், அழுது இஸ்லாத்துக்கு வந்தாள். கிழவி குரலில் இருமிக் காட்டினேன். முதல் பரிசு, எவர்சில்வர் தூக்குச் சட்டி. உம்மா இன்னும் அதில்தான் மோர் ஊற்றி வைக்கிறார்கள்.

எந்த ஹதீஸ் நூலிலும் அந்தக் கிழவி இல்லை. இருப்பது வேறு. நபிக்குப் பணிவிடை செய்துவந்த ஒரு யூதச் சிறுவன் நோயுற்றபோது நபி (ஸல்) போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள். இஸ்லாத்தை ஏற்கச் சொன்னார்கள். அவன் பக்கத்தில் நின்ற தந்தையைப் பார்த்தான். "அபுல் காசிம் சொல்வதைக் கேள்" என்றார் தந்தை. புகாரியில் இருக்கிறது, அனஸ் (ரலி) அறிவிப்பது. குப்பை இல்லை, பழிவாங்கல் இல்லை. ஒரு பையன் வாப்பா முகத்தைப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

17.02.2025

இதை வளர்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று மக்தப் மதரஸா ஆண்டு விழா. தங்கை மகனுக்குப் பேச்சுப் போட்டி. போன வாரம் வந்து, "மாமா, அழற மாதிரி ஒரு கதை சொல்லுங்க" என்றான். யூதச் சிறுவன் ஹதீஸைச் சொல்லிக்கொடுத்தேன், நூல் பேர், அறிவிப்பாளர் பேரோடு. கேட்டுவிட்டு, "இதுல கிழவி யாரும் இல்லையா?" என்றான்.

மேடையில் நன்றாகத்தான் பேசினான். "அவன் தன் தந்தையைப் பார்த்தான்" என்ற இடத்தில், நான் சொல்லிக்கொடுக்காமலேயே, நிறுத்திவிட்டுத் திரும்பித் தன் வாப்பாவைப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கியது, கூட்டம் அடுத்து என்ன என்று காத்திருந்தது, அடுத்து ஒன்றும் இல்லை, ஸலாம் சொல்லி இறங்கிவிட்டான். அவனுக்கு அடுத்து வந்த பெண் பிலால் (ரலி) பாங்கு, உதிக்காத சூரியன். மண்டபமே அதிர்ந்தது.

அவளுக்கு முதல் பரிசு. இவனுக்கு ஆறுதல் பரிசு, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. வரும் வழியெல்லாம் அந்த மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தான்.